ஹெல்மெட்டில் டேக் ஒட்டிவிட்டார்கள், அந்தக் கணக்கு எங்கள் கண்ணுக்கும் வர வேண்டாமா?

மணலி_வயர்மேன் | சனி, இரவு 10:20

மணலியில் ஒரு கம்பெனியில் 14 வருடமாக எலெக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸில் இருக்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். போன தீபாவளி முடிந்ததும் எங்கள் எல்லோருடைய ஹெல்மெட்டிலும் தீப்பெட்டி அளவில் ஒரு டேக் ஒட்டினார்கள். சட்டைப் பையில் கேஸ் டிடெக்டர் அதற்கு முன்பே உண்டு. இப்போது இரண்டும் சேர்ந்து வயர்லெஸ்ஸில் கண்ட்ரோல் ரூமுக்குத் தகவல் அனுப்புகின்றன. யார் எந்த ஷெட்டில் இருக்கிறார், எவ்வளவு நேரமாக இருக்கிறார், அங்கே காற்றில் என்ன இருக்கிறது, எல்லாம் ஒரே திரையில்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஆடி மாதம் ஒரு நாள் கழிவுநீர் பம்ப் ஹவுஸில் மோட்டார் டெர்மினல் பார்க்க இறங்கினேன். இறங்கும்போது அழுகின முட்டை வாடை அடித்தது. கொஞ்ச நேரத்தில் வாடை குறைந்துவிட்டது, சரி, காற்று வெளியே போயிருக்கும் என்று ஸ்பேனரை எடுத்தேன். அப்போதுதான் டிடெக்டர் அலறியது. ஏறி வெளியே வந்து பார்த்தால் ஹைட்ரஜன் சல்பைடு 18 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 18 பங்கு) வரை போயிருக்கிறது. அன்றைக்கு அந்தப் பெட்டி இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று வீட்டில்கூட இன்னும் சொல்லவில்லை.

அதே மாதக் கடைசியில் சூப்பர்வைசர் கூப்பிட்டு ஒரு பிரிண்ட் காட்டினார். 11:05 முதல் 11:31 வரை நான் கேன்டீன் பக்கம் நின்றிருக்கிறேனாம். நின்றேன்தான், பெர்மிட்டில் கையெழுத்து போடுகிறவர் உட்காரும் அறை கேன்டீனுக்குப் பக்கத்தில் இருக்கிறது, அவர் வரும்வரை வாசலில் காத்திருந்தேன். பெர்மிட் இல்லாமல் பேனலைத் திறக்கக் கூடாது என்பது அவர்கள் போட்ட விதி. அந்த 26 நிமிடத்தை வைத்து இன்சென்டிவ்வில் கை வைத்துவிட்டார்கள். சரி, என் நிமிடக் கணக்கைக் கொடுக்க முடிகிறது அல்லவா, அப்படியானால் பம்ப் ஹவுஸில் அன்றைக்கு எவ்வளவு கேஸ் இருந்தது, அதற்கு முந்தைய வாரங்களில் எவ்வளவு இருந்தது என்ற கணக்கையும் கொடுங்கள் என்று கேட்டேன். அது உள் ஆவணமாம், தர முடியாதாம்.

ஒரே சர்வர், ஒரே திரை. என்னைப் பற்றிய கணக்கு பிரிண்ட் ஆகி மேஜைக்கு வருகிறது, நான் மூச்சில் இழுத்த காற்றின் கணக்கு வரமாட்டேன் என்கிறது. உங்கள் வேலை இடத்தில், வீட்டுப் பக்கத்தில் எப்படி? யாராவது கேட்டு வாங்கியிருக்கிறீர்களா?

பெரம்பூர்_ஃபெசிலிட்டி | சனி, இரவு 11:02

வணக்கம் சார். நான் எதிர்ப் பக்கத்து ஆள், அதனால் அந்தப் பக்கத்தையும் சொல்லவேண்டும். ஒரு எட்டு மாடி அலுவலகக் கட்டடத்தின் பராமரிப்பு என் பொறுப்பில் இருக்கிறது. இன்சென்டிவ் பிடித்தது தவறு, அதில் சந்தேகமில்லை. ஆனால் டேக்கையே சந்தேகமாகப் பார்க்காதீர்கள். தீ விபத்து என்றால் எல்லோரும் வெளியே வந்து ஒரே இடத்தில் கூடி நிற்கிறோம், அங்கே பேப்பரை வைத்துக்கொண்டு பேர் கூப்பிடுகிறோம். லீவில் இருப்பவர், ஓவர்டைமில் வந்தவர், கான்ட்ராக்டர் கூட்டி வந்த ஆள் என்று கணக்கு ஒருநாளும் சரியாக வராது. உள்ளே இன்னும் யார் இருக்கிறார் என்று தீயணைப்பு வீரர் கேட்டால் பதில் சொல்ல முடிவதில்லை. டேக் இருந்தால் மூன்றாவது மாடியில் இரண்டு பேர் என்று அந்த நொடியில் சொல்லலாம்.

கட்டடத்துக்குள்ளும் எனக்கு சென்சார் நிறைய உதவியிருக்கிறது. லிஃப்டில் பாதிப் புகார் கதவால்தான் வரும். கதவு மூட எடுக்கும் நேரம் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுவது தெரிந்தால், ஆள் உள்ளே மாட்டிக்கொள்வதற்கு முன்பே மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிடுகிறேன். பம்ப் மோட்டாரில் அதிர்வு பார்க்கும் சென்சார் ஒட்டியிருக்கிறோம், பேரிங் போகப்போகிறது என்பது காதுக்குக் கேட்பதற்குப் பல நாள் முன்னாலேயே அதில் தெரிந்துவிடும். மீட்டிங் அறையில் கரியமில வாயு மீட்டர் வைத்தோம். வெளிக்காற்றில் 420 பிபிஎம் அளவில் இருப்பது, பத்துப் பேர் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினால் 1500 தாண்டிவிடுகிறது. மதியம் எல்லோருக்கும் தூக்கம் வருவதற்குச் சாப்பாடு மட்டும் காரணமில்லை என்று அதைப் பார்த்துத்தான் நம்பினேன். அந்த மீட்டரை அறைக்கு உள்ளேயே, எல்லோரும் பார்க்கிற மாதிரி மாட்டியிருக்கிறோம். 1000 வந்தால் யாராவது எழுந்து ஜன்னலைத் திறக்கிறார்கள், நான் சொல்லவே தேவையில்லை.

மணலி_வயர்மேன் | சனி, இரவு 11:15

சார், கடைசி வரியில் நீங்கள் சொன்னதுதான் நான் கேட்பது. உங்கள் மீட்டர் அறைக்கு உள்ளே மாட்டியிருக்கிறது. எங்களுடையது கண்ட்ரோல் ரூமில்.

ஜீரோ_ஸ்பான் | ஞாயிறு, காலை 7:48

இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆள். 20 வருடமாக கேஸ் டிடெக்டர் கேலிப்ரேஷன் (கருவி சரியாக அளக்கிறதா என்று சரிபார்ப்பது) செய்து வருகிறேன். வயர்மேன் தம்பி, அந்த வாடை குறைந்தது என்று எழுதியிருந்தீர்கள், அதைப் படித்தபோது வயிறு கலங்கியது. ஹைட்ரஜன் சல்பைடில் வாடை குறைந்தால் கேஸ் குறைந்துவிட்டது என்று ஒருநாளும் எடுத்துக்கொள்ளாதீர்கள். மூக்கு அதற்குப் பழகி மரத்துப்போகும். 100 பிபிஎம் பக்கம் போனால் மோப்ப நரம்பே செயலிழந்துவிடும், அதற்கு மேல் போனால் ஆளை விழுத்தாட்டிவிடும். காற்றைவிடக் கனமான கேஸ், அதனால் பள்ளத்தில், தொட்டியில், மேன்ஹோலில் தங்கும். முதல் ஆளைத் தூக்க இறங்குகிற இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள் செத்துப்போவது இதனால்தான்.

இன்னொரு விஷயம், எண் வருவது வேறு, சரியான எண் வருவது வேறு. இந்த டிடெக்டருக்குள் இருப்பது மின்வேதி செல். இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும். தளர்ந்த செல் பூஜ்யத்தைத்தான் காட்டிக்கொண்டிருக்கும், பார்ப்பதற்கு எல்லாம் பத்திரமாக இருக்கிற மாதிரி தெரியும். அதனால் தினமும் வேலைக்கு இறங்குவதற்கு முன் பம்ப் டெஸ்ட் (bump test) செய்ய வேண்டும், அதாவது தெரிந்த அளவு கேஸைக் காட்டி அலாரம் அடிக்கிறதா என்று பார்ப்பது. அரை நிமிட வேலை. எத்தனை இடத்தில் செய்கிறார்கள் என்று கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். நான் போய் அலமாரியைத் திறந்தால் சோதனை சிலிண்டர் காலாவதியாகிக் கிடக்கும், லாக் புத்தகத்தில் மட்டும் தினமும் டிக் இருக்கும்.

ஆகையால் நீங்கள் கணக்கு கேட்கும்போது கேஸ் எண்ணை மட்டும் கேட்காதீர்கள். கடைசியாக எந்தத் தேதியில் கேலிப்ரேஷன் ஆனது, செல்லுக்கு எத்தனை வயது, இந்த இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். வெளியே புகைபோக்கிக்கும் இதே கதைதான். 17 வகை பெரும் மாசுத் தொழிற்சாலைகள் புகைபோக்கியிலும் கழிவுநீர் வாயிலிலும் ஆன்லைன் மீட்டர் வைத்து நேரடியாக வாரியத்தின் சர்வருக்குத் தரவு அனுப்ப வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014லேயே உத்தரவு போட்டது. மீட்டர்கள் வந்துவிட்டன. அந்த மீட்டருக்குத் தெரிந்ததைப் பக்கத்துத் தெருவுக்கு யார் சொல்கிறார் என்பதுதான் மிச்சம்.

பெரியகுப்பம்_அக்கா | ஞாயிறு, காலை 11:30

பக்கத்துத் தெரு என்று எழுதியிருக்கிறீர்கள், நாங்கள்தான் அந்தப் பக்கத்துத் தெரு.

2023 டிசம்பர் 26 ராத்திரி. அதற்கு முந்தைய மூன்று வாரமாக மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் சுவரிலும் படகிலும் படிந்து, அதைச் சுரண்டிக் கழுவியே கை தோல் உரிந்திருந்தது. அன்றைக்கு நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் கண்ணில் மிளகாய்ப் பொடி தூவின மாதிரி எரிச்சல். குழந்தை இருமி இருமி வாந்தி எடுத்தான். கதவைத் திறந்தால் தெருவே ஓடிக்கொண்டிருக்கிறது. எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சிலர் வாடை வந்த பக்கமாகவே ஓடிப் பாதியில் திரும்பினார்கள். எண்ணூர் உர ஆலைக்குக் கப்பலில் இருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு என்று பிறகுதான் சொன்னார்கள். ஐம்பது பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள்.

எண்களும் வந்தன, எல்லாம் முடிந்த பிறகு. ஆலை வாசலுக்குப் பக்கத்துக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 2090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்ததாம், இருக்கவேண்டிய வரம்பு 400. மறுநாள் செய்தியில் படித்தோம். எனக்கு அந்த 2090 என்ன உதவி செய்தது? ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு என் தெருமுனையில் ஒரு சைரன் அடித்து, இந்தப் பக்கம் போங்கள் என்று ஒரு விளக்கு எரிந்திருந்தால் அது உதவி. குழாய்க்குள் அழுத்தம் குறைந்தால் அவர்கள் திரையில் தெரிந்திருக்குமே, அந்தத் திரைக்கும் எங்கள் தெருவுக்கும் ஒரு வயர் இழுக்க முடியாதா என்று அப்போதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். இப்போதும் ராத்திரி ஏதாவது வாடை வந்தால் தூங்கமாட்டேன், வாசல் படியில் உட்கார்ந்துவிடுவேன்.

ஜீரோ_ஸ்பான் | ஞாயிறு, மதியம் 12:10

அக்கா, முடியும். தொழில்நுட்பத்தில் அது பெரிய காரியமே இல்லை. அழுத்த மானி, வேலியோரம் நாலைந்து அம்மோனியா டிடெக்டர், காற்று வீசும் திசை காட்டும் ஒரு கருவி, ஒரு சைரன். இவை ஆலைக்குள் ஏற்கெனவே இருக்கும் சாதனங்கள்தான்.

அதுவரை ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அம்மோனியா தண்ணீரில் வேகமாகக் கரையும், துணியை நன்றாக நனைத்து மூக்கையும் வாயையும் மூடுங்கள். காற்று அடிக்கிற திசைக்குக் குறுக்காக நகருங்கள், காற்றோடு சேர்ந்து ஓடினால் வாடையும் கூடவே வரும்.

காசிமேடு_விசைப்படகு | ஞாயிறு, மாலை 5:25

அம்மோனியா வாடை எங்களுக்கும் தெரியும், ஐஸ் ஃபேக்டரியில் அதை வைத்துத்தான் குளிரூட்டுகிறார்கள். கம்ப்ரஸர் பார்க்கும் பெரியவர் ஒருவர் வால்வு கசிந்தால் முதலில் கத்துவார், அவர்தான் அங்கே சைரன்.

நான் சொல்ல வந்தது படகு பற்றி. 2017 ஒக்கி புயலில் குமரிப் பக்கம் கடலுக்குப் போனவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றே கரைக்குத் தெரியவில்லை, செல்போன் கரையைவிட்டுக் கொஞ்ச தூரம் போனாலே செத்துவிடும். அதற்குப் பிறகு செயற்கைக்கோள் வழியாகப் பேசும் டிரான்ஸ்பாண்டர் பெட்டிகள் விசைப்படகுகளுக்கு வந்தன. அவசர பட்டன் இருக்கிறது, புயல் எச்சரிக்கை நடுக்கடலிலும் வருகிறது. எங்கள் படகில் மாட்டியபோது சிலர் எந்த இடத்தில் வலை போடுகிறோம் என்பது வெளியே போய்விடுமே என்று தயங்கினார்கள். அது நியாயமான பயம், மீன் கிடைக்கும் இடம் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வருகிற சொத்து. ஆனால் படகு எங்கே நிற்கிறது என்று போனில் பார்க்க முடியும் என்று தெரிந்த நாளிலிருந்து என் அம்மா காலையில் துறைமுகத்துக்கு வந்து நிற்பதை நிறுத்திவிட்டார். அந்த ஒன்றுக்காகவே நான் அதை ஆதரிக்கிறேன். அம்மாவுக்கும் தெரிகிறது, அதுதான் வித்தியாசம்.

ஓட்டேரி_நல்லா | ஞாயிறு, இரவு 9:05

என் அம்மா தூய்மைப் பணியாளர், ஒப்பந்த வேலை. மண்டலம் ஆறு, திரு.வி.க. நகர். வருகைப் பதிவுக்கு முகத்தைக் காட்டவேண்டும். காலை ஆறு மணிக்கு வெளிச்சம் கிடையாது, மார்கழிப் பனி வேறு, மேஸ்திரி போனைப் பிடித்துக்கொண்டு நிற்க அம்மா முக்காட்டை எடுத்து, வலது பக்கம் திரும்பி, இடது பக்கம் திரும்பி, முகம் பொருந்தவில்லை என்று வரும். ஒருமுறை எட்டு மணி வரைக்கும் பதிவாகவில்லை. அன்றைக்கு அவர் தெரு முழுக்கக் கூட்டினார், அரை நாள் சம்பளம்தான் வந்தது. தெரு சுத்தமாக இருக்கிறதே, அது சாட்சி இல்லையா என்று அவர் என்னைக் கேட்டார்.

சண்டிகரில் 2020ல் தூய்மைப் பணியாளர்கள் கையில் ஜிபிஎஸ் கடிகாரம் கட்டச் சொன்னபோது அவர்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். அந்தச் செய்தியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார், அந்தக் கடிகாரத்தில் மேன்ஹோல் விஷவாயு தெரியுமா என்று. தெரியாது. எங்கள் பகுதியில் சாக்கடை அடைப்பு எடுக்கிற ஆண்கள் யார் கழுத்திலும் நான் கேஸ் டிடெக்டர் பார்த்ததில்லை. மனிதரைக் கழிவு அள்ள இறக்கக் கூடாது என்று 2013லேயே சட்டம் வந்துவிட்டது. சாக்கடையில் இறந்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் தரவேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆள் வந்தாரா என்று பார்ப்பதற்கு இவ்வளவு செலவு செய்கிறவர்கள் ஆள் உயிரோடு மேலே வருவாரா என்று பார்க்கும் கருவியை முதலில் வாங்கியிருக்க வேண்டும்.

ஜீரோ_ஸ்பான் | ஞாயிறு, இரவு 9:40

ஆக்சிஜன், எரிவாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு, இந்த நான்கையும் காட்டும் கருவி உள்ளங்கை அளவுதான். கயிற்றில் கட்டி மேன்ஹோலுக்குள் மெதுவாக இறக்கிப் பார்த்தால் போதும். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஒருவரும் தலையைக்கூட உள்ளே நீட்டக் கூடாது. இயந்திரம்தான் இறங்கவேண்டும்.

வியாசர்பாடி_லோரா | திங்கள், இரவு 8:15

எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறேன், மூன்றாம் வருடம். மழை வந்தால் கணேசபுரம் சுரங்கப்பாதை என்ன ஆகும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். ரிப்பன் மாளிகையில் பெரிய கட்டுப்பாட்டு மையம் இருக்கிறது, நல்லதுதான், ஆனால் என் தெருவில் தண்ணீர் எப்போது வாசல் படியைத் தொடும் என்பது எனக்கு வேண்டும். அதனால் எங்கள் தெருவில் ஒரு கம்பத்தில் மீயொலி சென்சார் வைத்தேன். மேலிருந்து ஒலி அனுப்பி அது தண்ணீரில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து உயரம் கணக்கிடும். குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் அனுப்பும் லோரா ரேடியோவில் தகவல் போகிறது, 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை நம் நாட்டில் லைசென்ஸ் வேண்டாம், ஒரு பேட்டரி மாதக்கணக்கில் வரும்.

முதல் சென்சார் இரண்டே மாதத்தில் போனது, உப்புக் காற்றில் பின் எல்லாம் பச்சை பூத்துவிட்டது. இரண்டாவது தண்ணீர் புகாத வகை, ஆனால் அதற்கு முன்னால் ஒரு சாண் தூரத்துக்குள் இருப்பதை அதனால் அளக்க முடியாது, அது தெரியாமல் தாழ மாட்டிவிட்டேன், வெள்ளம் ஏறிய அன்று கன்னாபின்னாவென்று எண் வந்தது. மூன்றாவது முறை உயரமாக மாட்டினேன், இப்போது ஒழுங்காக ஓடுகிறது. அதில் ஒன்று கண்டுபிடித்தேன். மழை நின்று மூன்று மணி நேரம் ஆன பிறகும் சில நாட்களில் தண்ணீர் இறங்காமல் நிற்கிறது, சில நாட்களில் சட்டென்று வடிகிறது. கடல் ஏற்ற இறக்க நேரத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஏற்றம் இருக்கும்போது பக்கிங்காம் கால்வாய் வாங்கமாட்டேன் என்கிறது. இப்போது தெரு வாட்ஸ்அப் குழுவில் இரவு இத்தனை மணிக்கு மேல்தான் வடியும், ஃபிரிட்ஜை மேலே தூக்கி வையுங்கள் என்று என்னால் சொல்ல முடிகிறது. கீழ் வீட்டுப் பாட்டி மழை பெய்தால் என்னைத்தான் கேட்கிறார்.

பெரியகுப்பம் அக்கா, காற்றுத் தூசி அளக்கும் சின்னக் கருவி ஒன்று என்னிடம் இருக்கிறது, உங்கள் மொட்டை மாடியில் வைக்க வருகிறேன். ஆனால் அது அம்மோனியா காட்டாது, பிஎம் 2.5 என்கிற நுண்தூசி மட்டும்தான். கடற்கரை ஈரத்தில் தூசி உப்பிப்போவதால் கூடுதலாகக் காட்டும், அதனால் மணலியில் இருக்கும் வாரியத்தின் நிலையத்து எண்ணோடு கொஞ்ச நாள் ஒப்பிட்ட பிறகுதான் அதை நம்பவேண்டும்.

சூளை_தோழர் | திங்கள், இரவு 10:50

என் அப்பா பெரம்பூர் பி அண்டு சி துணி மில் தொழிலாளி. நானும் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் 31 வருடம் இருந்து, சங்கத்தில் இருந்து, ஓய்வு பெற்றவன். மில் சங்கு ஊதினால் புளியந்தோப்பு, பட்டாளம் எல்லாம் கேட்கும். அம்மா அந்தச் சங்கை வைத்துத்தான் உலை வைப்பார். அந்தச் சங்கு முதலாளியின் நேரம்தான், சந்தேகமில்லை, அதை எதிர்த்தும் வேலை நேரம் குறைக்கச் சொல்லியும் 1918ல் இதே பெரம்பூரில்தான் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. சங்கத் தலைவர் வாடியாவும் திரு.வி.க.வும் மில் வாசலில் பேசிய ஊர் இது. ஆனால் சங்கு எல்லோர் காதிலும் ஒரே நேரத்தில் விழுந்தது. அஞ்சு நிமிடம் முன்னால் ஊதினால் ஊரே கேட்கும், ஏன் ஊதினாய் என்று. ஹெல்மெட் டேக்கில் ஊதுவது ஒரு அறைக்கு மட்டும் கேட்கிறது, அதுதான் எனக்குப் பிரச்சினை.

வயர்மேன் தம்பிக்கு வேலைக்கு ஆகும் விஷயம் சொல்கிறேன். போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு 1987ல் தொழிற்சாலைச் சட்டத்தில் ஒரு முழு அத்தியாயமே சேர்த்தார்கள். 41பி, ஆபத்தான வேலை நடக்கும் ஆலை அந்த ஆபத்தைத் தொழிலாளிக்கும் சுற்றுவட்டாரப் பொதுமக்களுக்கும் சொல்லியாக வேண்டும் என்றது. பெரியகுப்பம் மகளே, அந்தப் பிரிவு உனக்காக எழுதினது. 41சி, ரசாயனத்துக்கு ஆளாகும் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை அந்தத் தொழிலாளி பார்க்கலாம் என்றது. 41ஜி, பாதுகாப்புக் குழு வேண்டும், அதில் தொழிலாளிகளும் நிர்வாகமும் சரிபாதி என்றது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் அமலுக்கு வந்த 2020 தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இந்தக் கடமைகள் தொடர்கின்றன, பிரிவு எண்தான் வேறு. கேஸ் பதிவு உள் ஆவணம் என்று சொன்னவரிடம் இதை எழுத்தில் கொடு, தேதி போட்டு, ஒப்புகை வாங்கு.

பெரம்பூர்_ஃபெசிலிட்டி | செவ்வாய், காலை 8:30

தோழர், கேஸ் பதிவு சரி. இருப்பிடத் தரவு விஷயத்தில் சட்டம் உங்களுக்கு அவ்வளவு துணை வராது. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 7வது பிரிவைப் பாருங்கள், வேலை தொடர்பான நோக்கத்துக்குத் தனியாகச் சம்மதம் வாங்கத் தேவையில்லை. அதனால் சட்டத்தை வைத்து அல்ல, ஒப்பந்தம் பேசித்தான் வாங்க முடியும். நான் என் கட்டடத்தில் என்ன செய்தேன் என்றால், இருக்கும் இடம் இந்த நொடிக்கு மட்டும் தெரியும், 24 மணி நேரத்தில் பதிவு அழிந்துவிடும், எச்ஆருக்கு அந்தத் திரை திறக்காது. விபத்துக்கு அது போதும். எல்லாவற்றையும் சேர்த்து வைத்தால் அது கசியும் பயம் வேறு. 2016ல் உலகம் முழுக்க லட்சக்கணக்கான கேமராக்களை ஒரு மால்வேர் பிடித்தது, காரணம் அவற்றை வாங்கியவர்கள் தயாரித்த கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை மாற்றவில்லை.

சூளை_தோழர் | செவ்வாய், காலை 9:12

24 மணி நேரம் நல்ல ஏற்பாடு. அதைக் காகிதத்தில் கையெழுத்தாக வாங்கினால்தான் மேனேஜர் மாறினாலும் நிற்கும். நீங்கள் நல்லவர், உங்களுக்கு அடுத்து வருபவரை எனக்குத் தெரியாது.

மணலி_வயர்மேன் | அடுத்த ஞாயிறு, இரவு 9:55

எல்லோருக்கும் நன்றி, பதில் போடத் தாமதமாகிவிட்டது, இந்த வாரம் நைட் ஷிஃப்ட். தோழர் சொன்னபடி எழுதிக் கொடுத்தேன், நான் தனியாக இல்லை, பம்ப் ஹவுஸ், பாய்லர், கான்ட்ராக்ட் ஆட்கள் என்று 37 பேர் கையெழுத்து. வெள்ளிக்கிழமை பாதுகாப்புக் குழுவில் எடுத்தார்கள். கேஸ் அளவு காட்டும் ஒரு திரையைப் பம்ப் ஹவுஸ் வாசலிலேயே மாட்டுவதாகவும், கேலிப்ரேஷன் தேதி எழுதின அட்டையைப் பக்கத்தில் தொங்கவிடுவதாகவும் ஒப்புக்கொண்டார்கள், கூட்டக் குறிப்பில் ஏறிவிட்டது. பழைய மாதங்களின் பதிவைத் தருவது பற்றி மேலிடத்தில் கேட்கவேண்டுமாம். டேக் பதிவை 24 மணி நேரத்தில் அழிப்பது பற்றிப் பேச்சு எடுத்ததும் கூட்டத்தை முடித்துவிட்டார்கள். என் இன்சென்டிவ்வும் இன்னும் வரவில்லை. அடுத்த கூட்டம் வரும் மாதம் 12ஆம் தேதி.

ஜீரோ_ஸ்பான் அண்ணே, அலமாரியைத் திறந்து பார்த்தேன், சோதனை சிலிண்டர் காலாவதியாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. போட்டோ எடுத்து மனுவோடு வைத்துவிட்டேன். புது சிலிண்டர் நேற்று வந்தது.

லோரா தம்பி, பெரியகுப்பத்துக்கு எப்போது போகிறாய்? எனக்கு வியாழன் லீவு. கம்பம் ஏறவும் வயர் இழுக்கவும் ஆள் வேண்டும் என்றால் சொல், ஏணியோடு வருகிறேன்.